சீர்த்தட்டோடு வந்த கேள்வி

அப்பு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை உன் நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீ "ம்மா, சொல்லும்மா" என்று கேட்கிற அவசரத்திலேயே எனக்குப் பாதி வார்த்தை ஓடிப்போகிறது. மீதிப் பாதியைச் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸிலிருந்து இன்னொரு கால் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று தொப்பம்பட்டியில் உன் தங்கச்சி வீட்டிலிருந்து வந்தேன். வந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே எடுத்து மறுபடி அலசிப் போட்டேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டு, உங்கப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரசத்தை ஒதுக்கி மோரை ஊற்றிக்கொண்டார்.

நீ என்னை ஒரு கேள்வியோடு அனுப்பினாய். உனக்கும் தீபாவுக்கும் பிறக்க வேண்டிய பிள்ளையை உன் தங்கச்சி சுகன்யா தன் வயிற்றில் சுமந்து பெற்றுத் தருவாளா என்று கேட்டுவரச் சொன்னாய். கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். அந்தப் பதிலை அப்படியே கொண்டுவந்து உன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்திருக்கிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படி. நடுவில் போனை எடுத்து என்னைக் கூப்பிடாதே.

முதலில் தீபாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா மகள் பக்கம் சாய்கிறாள் என்று நினைப்பாய். அவள் சுமந்த குழந்தை வயிற்றிலேயே போன அன்றைக்கு, ரத்தம் நிற்காமல் டாக்டர்கள் அவள் கர்ப்பப்பையையே எடுத்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தாய். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, பால் சுரக்குமா இப்ப?" என்றுதான். சுரந்தது. குடிக்கப் பிள்ளையில்லாமல் நெஞ்சு கட்டிக்கொண்டு அவள் பட்ட வேதனைக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று நீ ஆசைப்படுகிற அளவுக்கு நானும் ஆசைப்படுகிறேன். இதில் ஒரு துளி பொய் கிடையாது. அவள் முட்டையும் உன் அணுவும் நன்றாக இருக்கிறது, சுமக்க ஒரு வயிறு மட்டும் போதும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு உன் போனைக் கேட்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன்.

வாடகைத்தாய்ச் சட்டத்தையும் படித்தேன். நீ அனுப்பிய பி.டி.எப்.பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சுமக்கிறவளுக்குக் காசு கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவும் இன்சூரன்ஸும் மட்டும்தான். அவள் கல்யாணமானவளாக, ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளாக, வயதும் ஒரு வரம்புக்குள் இருப்பவளாக இருக்க வேண்டும். ஆயுசுக்கு ஒரு தடவைதான். இதெல்லாம் நல்லதற்குத்தான் என்று எனக்கும் படுகிறது. ஏழைப் பெண்களை வரிசையில் நிற்க வைத்துக் கருப்பையை வாடகைக்கு விட்ட காலத்தை மூடத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட அதில் இல்லையாம். விருப்பமுள்ள ஒரு பெண் என்றுதான் இருக்கிறதாம். ஆனால் நீயே சொல். காசு வாங்காமல், பத்து மாசம் வயிற்றைக் கொடுத்து, கத்தி வைக்கவும் சம்மதித்து எந்த அந்நியப் பெண் வருவாள்? கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சட்டம் ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் அக்கா, தங்கச்சி, நாத்தனார், மச்சினி. நம் வீட்டில் அவள் பெயர் சுகன்யா.

அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால் எந்த நிமிஷமும் அவள் வேண்டாம் என்று பின்வாங்கலாமாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண், "ஆன்ட்டி, இது பரீட்சைக்கா?" என்று கிண்டல் செய்தாள்.

எனக்கு ஏன் அந்த வரிமேல் அவ்வளவு கண் என்றால், விருப்பம் என்ற சொல்லோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருந்த காலமெல்லாம் கர்ப்பிணிகளை எடை பார்க்கிறதும் மாத்திரை கொடுக்கிறதும் நர்ஸம்மாவுக்குக் கூடமாட நிற்கிறதும்தான் என் வேலை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று நர்ஸம்மா கேட்பார். பிள்ளை பெற்றவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "அவளுக்கென்ன, சம்மதந்தேன்" என்பாள். அந்தப் பெண்ணும் தலையாட்டுவாள். தலையாட்டலில் ஒரு குற்றமும் காண முடியாது. ஆனால் பிறகு இரும்புச்சத்து மாத்திரை வாங்க வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், யார் ஆட்டியது அந்தத் தலையை என்று.

இப்போது கவினுடைய காதுகுத்துக்கு வருகிறேன். நீ பல்லைக் கடிப்பாய், கடித்துக்கொள். சித்திரையில் நீயும் தீபாவும் சுகன்யா வீட்டுக்குப் போய் டாக்டர் சொன்ன விவரத்தையெல்லாம் சொன்னீர்கள். "நாங்க கேக்கலம்மா, சொன்னோம், அம்புட்டுதேன்" என்று என்னிடம் சொன்னாய். சரி, சொன்னீர்கள். ஆனியில் அவள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதும் தாய்மாமன் சீர் கொண்டுபோவதும் நம் பக்கத்தில் நடப்பதுதான். ஆனால் நீ கொண்டுபோனது அவர்கள் ஊர் பார்க்காத சீர். மேளம், வெடி, உன் போட்டோ போட்ட பிளக்ஸ், ஒரு டெம்போ நிறையத் தட்டு. ஆயக்குடிக் கொய்யாவை மலை மாதிரி குவித்த தட்டையே இரண்டு பேர் தூக்கினார்கள். வாஷிங் மெஷினுக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோன முதல் தாய்மாமன் நீயாகத்தான் இருப்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் பின்னால் நடந்தேன். மருமகனுக்குத் தோடும் சங்கிலியும் வழக்கம். தங்கச்சி கையில் நீ போட்ட அந்தக் கனத்த வளையல் வழக்கத்தில் இல்லை. தீபா தானே முன்தட்டை எடுப்பேன் என்று பிடிவாதமாக எடுத்து நடந்தாள். பிள்ளை இல்லாதவள் முன்தட்டு எடுக்கிறாளே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது, நிமிர்ந்த தலையைக் குனியாமல் நடந்தாள். அன்றைக்கு அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் வளையலைப் போட்டதும் சுகன்யா உன்னைப் பார்க்கவில்லை அப்பு. மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். ஏன் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அதற்கப்புறம்தான் நீ போன் செய்து, "சுகன்யா என்ன நெனைக்கிறான்னு நீ செத்தக் கேட்டுச் சொல்லும்மா, நீ கேட்டா தட்ட மாட்டா" என்றாய். தட்ட மாட்டாள் என்று தெரிந்துதானே என்னை அனுப்பினாய்? சீரைப் பற்றி நான் லேசாக இழுத்ததும் உனக்கு எவ்வளவு கோபம் வந்தது! "நான் என்ன காசா குடுத்தேன்? காசு குடுக்கக் கூடாதுன்னுதான் சட்டமே சொல்லுது. இது பாசம்மா. என் தங்கச்சிக்கு நான் செய்யக் கூடாதா?" என்று கத்தினாய். நீ கணக்குப் போட்டுச் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பயம் வந்தால் கை தாராளமாகிவிடும். பரீட்சைக்குப் போகுமுன் இருக்கிற பேனாவில் பாதியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை நீ. பிள்ளை கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயத்தில் கொண்டுபோய்க் கொட்டினாய். ஆனால் வாங்கிக்கொண்டவளுக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டாமா? அரசாங்கம் காசைத்தான் தடுக்கும். சீரைத் தடுக்க எந்தச் சட்டத்துக்கும் தெரியாது. காசு கொடுத்தால் அவள் எண்ணிப் பார்த்து, பத்தாது என்று சொல்லலாம், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். தாய்மாமன் சீரைத் திருப்பிக் கொடுத்த தங்கச்சியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

நான் போனபோது சுகன்யா தோட்டத்து வீட்டு வாசலில் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற லோடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கினேன். எப்படிக் கேட்பது என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்.

"அண்ணே அனுப்புச்சா?"

"ஆமாடி."

"சரின்னு சொல்லிரும்மா."

இவ்வளவுதான். தக்காளியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. நானும் ஒரு நிமிஷம், பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு விட்டேன். உனக்கு உடனே போன் போடலாம் என்றுகூட இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டேன். அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். நல்ல பழத்தையெல்லாம் அழுகல் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, மாப்பிள்ளைகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். ஒங்கண்ணன் இம்புட்டுச் செஞ்சதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றதுன்னுட்டாரு."

"நீ என்ன சொல்ற?"

"நான் மட்டும் என்னத்தச் சொல்ல? ஊரே பாத்துச்சு. மெஷின் உள்ளதான ஓடிட்டிருக்கு."

கவினைப் பெற்றபோது அறுத்த புண் ஆறாமல் அவள் எழுந்து உட்காரவே என்ன பாடுபட்டாள் என்று நீயும் பார்த்தாய். மறுபடி அதே இடத்தில் கத்தி வைக்க வேண்டும். அந்தப் பயத்தை அவள் உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் கேட்டதும், "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றாள். பெட்டியை அடுக்கிக்கொண்டே வேறொன்று சொன்னாள்: சித்திரையில் நீங்கள் வந்து சொன்ன அன்றைக்கு, தீபா படுகிற பாட்டைப் பார்த்து அவளுக்கே மனசுக்குள், நான் சுமந்து கொடுத்தால் என்ன என்று ஒரு எண்ணம் வந்ததாம். யாரிடமும் சொல்லாமல் அதை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நெட்டில் தேடிப் படித்தாளாம். கவினைத் தூங்கவைத்துவிட்டு அவன் அம்மா வயிற்றில் இன்னொருவர் பிள்ளை வளர்ந்தால் அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாளாம். அவள் மாமியார், நம் சம்பந்தியம்மா, வேறு ஒரு கேள்வியை அவளிடம் கேட்டு வைத்திருக்கிறார். நான் இருக்கும்போதே என்னிடமும் கேட்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன் புள்ள பொம்பளப் புள்ளயாப் பொறந்தா கவினுக்கு மொறைப் பொண்ணுங்க. ஒரே வயித்துல கெடந்ததுக எப்படிங்க மொறையாகும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் சுகன்யாவுக்கும் ரத்த ஒட்டு அத்தை என்பதோடு சரி, சட்டப்படியும் அது முழுக்க உங்கள் பிள்ளை என்று விளக்கினேன். "அது சரிங்க, ஊரு வாய்க்கு ஆரு சட்டஞ் சொல்றதுங்க?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தம்மா கெட்டவர் இல்லை. நீயும் நானும் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் உட்கார்ந்து பேசுகிறதை, சுகன்யா அந்த ஊரில் வயிற்றோடு நடந்து காட்ட வேண்டும். நாளைக்குப் பிள்ளையை உங்களிடம் கொடுத்துவிட்டு வெறும் கையோடு பஸ் இறங்கும்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், என் அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஒருத்தி வெளியூர் போய் யாருக்கோ பிள்ளை சுமந்து கொடுத்துவிட்டு வந்தாள். ஊர் அவளை நாறடித்தது. நானும் மனசுக்குள் ஒரு மாதிரியாகத்தான் நினைத்தேன். அவளை அங்கே ஒரு கட்டடத்தில் அடைத்துவைத்து, பெற்ற பிள்ளையைக்கூட மாசக்கணக்கில் கண்ணில் காட்டவில்லையாம். அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், நான் கூலிக்குச் சொமந்தேன். கூலிய வாங்கிட்டேன். இனி எவனும் எங்கிட்ட வந்து நான் உனக்கு அதச் செஞ்சேன் இதச் செஞ்சேன்னு நிக்க முடியாது." தக்காளிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்து பாடாய்ப் படுத்தியது. என் மகளுக்கு அந்த வார்த்தை சொல்ல வழியில்லையே என்று இருந்தது. கூலியும் கிடையாது, மறுக்கவும் முடியாது. இதற்குத்தான் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோமா?

லோடு வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனபிறகு நான் அவளிடம் நேராகவே கேட்டேன். "சீரு வராம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கையைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மொதல்ல முடியாதுன்னு சொல்லியிருப்பேம்மா. பயமா இருக்குன்னு சொல்லியிருப்பேன். அண்ணிகிட்ட அழுதிருப்பேன். அப்புறம் செத்த நேரங்கழிச்சு நானே வந்து சரி செய்றேன்னு சொன்னாலுஞ் சொல்லியிருப்பேன். அந்தச் செத்த நேரத்த அண்ணே எனக்குக் குடுக்கல."

அவள் உன்மேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை அப்பு. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஏதோ தொலைந்துபோன பொருளைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு, "நான் அண்ணங்கிட்ட இல்லைன்னு சொல்லப் போறேன்" என்றேன். பதறிப் போனாள். "வேணாம்மா, அண்ணே கோச்சுக்கும், அண்ணி என்ன நெனைப்பாங்க, போட்டத வாங்கிட்டு இல்லைங்கிறாளேன்னு ஆயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சுக்கிட்டா எங்கிட்டக் கோச்சுக்கட்டும், நான் சொன்னதா இருக்கட்டும்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது மறுபடி அதைச் சொல்லவில்லை. கவினைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை வந்து ஏற்றிவிட்டாள்.

நான் செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. பஸ் பழனி ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போதும் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். தீபாவுக்குத் திறந்திருக்கிற ஒரே கதவை நானே சாத்துகிறேனோ? வயது ஓடிக்கொண்டிருக்கிறது, சுகன்யாவுக்கும் அந்த வரம்பு தாண்டிவிடும். மகளுக்காக மருமகளைக் கைவிட்ட மாமியார் என்று நாளைக்கு என்னை நானே நொந்துகொள்வேனோ? அவள் வாயிலிருந்து வந்த சரியை இல்லை என்று மாற்றுவதற்கு நான் யார்? சம்மதத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஊரைக் குறை சொல்கிற நானே, என் மகளின் வார்த்தையைக் கேட்காமல் திருப்புகிறேன். இருந்தாலும் எங்கேயாவது ஓரிடத்தில் யாராவது இல்லை என்று சொன்னால்தான் அவளுக்கு மூச்சுவிட இடம் வரும் என்று படுகிறது. அவளால் முடியாது. மாப்பிள்ளையாலும் முடியாது. உங்கள் இருவரையும் பெற்றவளால்தான் முடியும், அதனால் நான் சொல்கிறேன்.

இல்லை அப்பு. சுகன்யா சுமக்க மாட்டாள்.

இதைத் தீபாவிடம் நீ சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர் பஸ்ஸில் நான் வருகிறேன். நானே அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். அவள் என்னை என்ன திட்டினாலும் திட்டட்டும், பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீ உன் தங்கச்சிக்குப் போன் செய். பிள்ளை, டாக்டர் என்று எதுவும் எடுக்காதே. தக்காளி என்ன விலைக்குப் போச்சு என்று கேள். எப்போதும் போல அவளைக் கிண்டல் செய். அவளுக்குச் சிரிப்பு வருகிறவரை பேசிவிட்டு வை. அப்புறமும் அடிக்கடி கூப்பிடு.

இல்லை என்கிற சொல்லை அவள் வாயிலிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதற்கான கோபம் முழுக்க எனக்கு வரட்டும். இனி என்றைக்காவது அவளாகவே வந்து, "அண்ணே, நான் செய்றேன்" என்று சொன்னால், அன்றைக்கு அது அவள் சொன்ன சொல், அன்றைக்கு நீ சந்தோஷமாக நம்பலாம். சொல்லாமலே போனாலும் அவள் உன் தங்கச்சிதான்.

அம்மா